கால் மணிக்கு ஒரு மேகம்

பன்னிரண்டே கால் படம் வந்துவிட்டது, பன்னிரண்டரைப் படமும் வந்துவிட்டது, இனிப் பன்னிரண்டே முக்கால், அதற்கு இன்னும் ஆறு நிமிடம் கிடக்கிறது, இந்த ஆறு நிமிடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. வடக்கே வானம் முழுக்க வெள்ளி பூசிக் கிடக்கிறது, நீலமும் வெள்ளையுமாக, கடற்கரை மணலில் தண்ணீர் வடிந்த தடம் போலச் சின்னச் சின்ன வரிகள். இந்தக் கோடையில் இவ்வளவு மேகம் ஒரு நாளும் வரவில்லை. மேகம் என்று பெயர்தான், மழை தராது, நிழல் தராது, எண்பது கிலோமீற்றருக்கு மேலே, எரிந்துபோன விண்கல்லின் தூசியில் ஐஸ் பிடித்துத் தொங்குகிற ஒன்றுக்கும் உதவாத சாமான். சூரியன் எங்களுக்குப் பட்டிட்டுது அப்பா, அந்த உயரத்துக்கு இன்னும் படேல்லை, அதுதான் மினுங்குது என்று ஆரூரன் சொன்னான். முப்பத்தெட்டு வருடமாக டென்மார்க்கில் இருக்கிறேன், ஒரு நாளாவது இதை அண்ணாந்து பார்த்தேனா, யன்னல் செய்யும் ஃபக்டரியில் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்குகிறவனுக்கு நடுச்சாமத்தில் வானத்தில் என்ன வேலை. இப்போது பார்க்கிறேன், ஐம்பத்தொன்பது வயதில், கிறின்ஸ்ரெட் ஊருக்கு வெளியே, உதைபந்தாட்டத் திடலுக்குப் பின்னால், பார்லி வயல் ஓரத்தில், பன்றி எரு மணக்க மணக்க, முக்காலியில் கமராவை ஏற்றி வைத்துக்கொண்டு, சப்பாத்துக்குள் பனி ஊறிக்கொண்டு. எண்பது கிலோமீற்றர் வடக்கே, வீபோரில், தன் அறைக்குக் கிட்ட, ஏரிக்கரையில் என் மகன் இன்னொரு கமராவோடு நிற்கிறான். நிற்கிறான் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே மேகத்தைப் பிடித்தால் இரண்டு படத்தையும் வைத்து அதன் உயரத்தைக் கணக்குப் பார்க்கலாமாம், ஆனபடியால் மணிக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, அரைக்கு ஒன்று, முக்காலுக்கு ஒன்று, தவறக்கூடாது. எடுக்கிற படம் நேரே எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான ஓர் இடத்தில் போய் விழும், அவனுடையதை நான் ஃபோனில் பார்ப்பேன், என்னுடையதை அவன் பார்ப்பான். மேகத்தின் உயரம் யாருக்கு வேண்டும். படம் வந்தால் அவன் இருக்கிறான், எனக்கு அவ்வளவுதான்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஆரூரன் இனி உயிரோடு இருப்பதில்லை என்று முடிவெடுத்தான். இருபத்தாறு வயது. பக்கத்து அறைப் பெடியன் தற்செயலாகக் கதவைத் தட்டியதால் எனக்கு இன்னும் ஒரு மகன் இருக்கிறான். என் மனைவி தயாவதி ஊர்ச் சனத்துக்கெல்லாம் நிமோனியா என்று சொல்லிவிட்டாள், அதைக் கேட்டுவிட்டு ஒவ்வொருத்தராகக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கொண்டு வந்தார்கள், கோயிலில் ஓர் அம்மா நெஞ்சில் பூசச் சொல்லி எண்ணெய் கூடத் தந்தாள், நாங்களும் வெட்கமில்லாமல் வாங்கி வைத்தோம், இன்னும் அலமாரியில் இருக்கிறது. எதைப் பூச, எங்கே பூச. ஆஸ்பத்திரியால் அவன் வெளியே வந்த பிறகு நான் அவனுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை ஃபோன் அடித்தேன். எந்தத் தகப்பன் அடிக்கமாட்டான். ஏப்ரலில் ஒரு நாள் அவன் இந்த வயல் ஓரத்தில்தான், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், "அப்பா, நீங்கள் விடிய ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, இரவு ஒருக்கா அடிச்சு என்ன சாப்பிட்டனி எண்டு கேக்கிறியள். நான் உயிரோட இருக்கிறனோ எண்டுதான் கேக்கிறியள். ஒவ்வொருக்காலும் மணி அடிக்கேக்க எனக்கு அந்தச் சனிக்கிழமை திரும்பி வருது. என்னைச் செக் பண்ணாதேங்கோ." நான் கேட்டேன், "அப்ப நான் என்னண்டு அறியிறது?" அவன் தன் பழைய கமராவை என் கையில் தந்தான். "ஜூனில மேகம் வரும். கால் மணிக்கு ஒருக்கா நான் எடுப்பன். நீங்களும் எடுங்கோ." இனி ஃபோன் அடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து அதை வாங்கினேன். மேகம் வராத இரவில் என்ன செய்வது என்று கேட்டதற்கு, வெறும் வானத்தையும் எடுக்கத்தான் வேண்டும், மேகம் இல்லை எண்டதும் ஒரு தகவல்தானே என்றான். எனக்கு வெறும் வானம் போதும். மே கடைசியிலிருந்து ஒவ்வொரு இரவும் வெறும் வானம் வந்து விழுந்தது, நானும் தயாவதியும் கட்டிலில் சாய்ந்திருந்து அந்தக் கறுப்பை வடிவு பார்த்தோம்.

முக்கால். அழுத்து. நாலு விநாடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, கமராவில் என் மூச்சுப் படப்போகிறது என்ற மாதிரி. நாலு விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் மேகம் அசைந்து வரிகள் அழிந்து கஞ்சி மாதிரி ஆகிவிடும், அசையிறது எல்லாம் கலங்கும் அப்பா, அசையாமல் இருக்கிறதுதான் கூராக விழும், இது அவன் படிப்பித்தது. எவ்வளவு பொறுமையாகப் படிப்பித்தான், சைக்கிள் ஓடப் பழக்கும்போது நான் அவன் மேல் எப்படிக் கத்தினேன். என் படம் போய்விட்டது. அவனுடையதும் வந்துவிட்டது. நெஞ்சு இறங்கி இருந்த இடத்துக்கு வருகிறது. பெரிதாக்கிப் பார்க்கிறேன், ஏரி, ஏரியில் மேகம் தலைகீழாக, அக்கரையில் மாதா கோயிலின் இரண்டு கோபுரம், வலது பக்கக் கீழ் மூலையில் அந்தக் கல். இன்றைக்கு எல்லாப் படத்திலும் இந்தக் கல், ஒரு கறுப்பு மேடு, நல்ல மேகத்தின் அடியை மறைத்துக்கொண்டு கிடக்கிறது, கொஞ்சம் இடது பக்கம் திருப்பியிருக்கக் கூடாதா. மேகம் இவ்வளவு மேற்கே போய்விட்டது, ஒவ்வொரு தடவையும் மேகத்துக்குப் பின்னால் கமராவைத் திருப்புகிறவன் இன்றைக்கு ஏன் திருப்பவில்லை. பன்னிரண்டே கால், இரண்டு கோபுரம் நடுவில். பன்னிரண்டரை, நடுவில். முக்கால், நடுவில். மயிரிழை அசையவில்லை. ஏன். படத்தின் விவரத்தைத் திறந்தேன், அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஒரு அவமானத்தால் பழகிய இடம் அது. வந்த நாளிலிருந்து என் கைக்கடிகாரம் யாழ்ப்பாண நேரத்தில்தான் ஓடுகிறது, அங்கே இப்போது நேரம் கேட்க ஒருத்தரும் இல்லை, இருந்தும் ஓடுகிறது, அதைப் பார்த்துக் கமராவிலும் அதே நேரத்தை வைத்துவிட்டேன். முதல் நாள் ஆரூரன் எழுதினான், "அப்பா, பன்னிரண்டே கால் படம் விடிய மூண்டே முக்காலுக்கு எடுத்ததெண்டு கிடக்கு. அங்க விடிஞ்சா மேகம் தெரியாது." பெப்ரவரிக்குப் பிறகு அவன் விட்ட முதல் பகிடி. தயாவதி அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் விநாடி வரைக்கும் பார்க்கிற பழக்கம், அவனுடைய விரல் ஏழு விநாடி பிந்தும், மூன்று விநாடி முந்தும், ஒரு நாள் பதினொரு விநாடி, நித்திரை தூங்கியிருப்பான் என்று சிரித்தேன். இன்றைக்குப் பன்னிரண்டே கால், பூச்சியம் விநாடி. பன்னிரண்டரை, பூச்சியம். முக்கால், பூச்சியம்.

விரல் ஒரு நாளும் பூச்சியத்தில் விழாது. போன ஞாயிறு சாப்பிட வந்தபோது சொன்னானே, அரைக் காதால் கேட்டேனே. "கமராவுக்கு ஒரு ரைமர் வாங்கியிருக்கிறன் அப்பா. இனி நான் பக்கத்தில நிக்கத் தேவையில்லை. அது தானா எடுக்கும், தானா அனுப்பும்." நான் என்ன சொன்னேன், "நல்லது தம்பி, அந்தத் தலைப் பக்க மீனையும் போட்டுச் சாப்பிடு." நிக்கத் தேவையில்லை என்று மகன் சொல்கிறான், நான் மீன் போடுகிறேன். அன்றைக்குத்தான் தாய் கொடுத்த குக்கரையும் திருப்பிக் கொண்டுவந்தான், எனக்குத் தேவையில்லை அம்மா என்றான், அங்கேயும் தேவையில்லை, இங்கேயும் தேவையில்லை. அது பழைய குக்கர், விசில் சரியில்லை, அதனால்தான் கொண்டுவந்தான், அதனால்தான். போகும்போது தாயைக் கட்டிப்பிடித்தான், எப்போதும் பிடிக்கிறவன்தான், ஆனால் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தானா, நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்படியென்றால் இன்று இரவு இவ்வளவு நேரமும் ஒரு மெசின் எனக்குப் படம் அனுப்பியிருக்கிறது. அதைப் பார்த்து நான் நெஞ்சைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். அவன் அறையில் நித்திரையாக இருக்கலாம். சிநேகிதரோடு எங்காவது போயிருக்கலாம், அவனுக்கு எங்கே சிநேகிதர். அந்த ஏரி ஆழமோ. இதை நினைக்காதே. நித்திரையாக இருப்பான், மெசின் வாங்கினதே நித்திரை கொள்ளத்தானே, டொக்டரும் நித்திரை முக்கியம் என்றுதானே சொன்னார். அந்த ஏரி ஆழமோ. ஃபோன் கையில் அதிர்ந்தது, விழப் பார்த்தது, தயாவதி. முதியோர் இல்லத்தில் இரவு வேலை அவளுக்கு, ஒரு மணிக்கு முன் பத்து நிமிடம் தேத்தண்ணி குடிக்க விடுவார்கள், அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கேள்விதான் கேட்பாள். "இஞ்சேருங்கோ, பிள்ளை படம் போட்டவனே?" நான் வயலைப் பார்த்தேன். "ஓம். போட்டவன்." "முக்காலும் வந்திட்டுதோ?" "வந்திட்டுது. இண்டைக்கு நல்ல மேகம்." "யன்னலால எனக்கும் தெரியுது. மேல ஒரு கிழவியை எழுப்பிக் காட்டினனான், அவ அழுகிறா. சரி, நீங்கள் தொப்பியைப் போடுங்கோ, பனி இறங்கும்." வைத்துவிட்டாள். நான் பொய் சொல்லவில்லை, படம் வந்தது உண்மைதான். அவளிடம் சொன்னால் என்ன செய்வாள், தன் பொறுப்பில் இருக்கிற ஆறு கிழவிகளையும் போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு எண்பது கிலோமீற்றர் பறப்பாள், அழுதுகொண்டு ஓட்டுவாள், அதற்கும் பயம் எனக்கு. வீட்டில் இருக்கிற ஒரே கார் அது. பஸ் காலை ஐந்தரைக்கு.

ஒரு மணிப் படம் வந்தது. பூச்சியம் விநாடி. கோபுரம் நடுவில், கல் மூலையில். மேகம் மட்டும் இன்னும் பெரிதாகி, இவ்வளவு வடிவான ஒன்றை என் வாழ்நாளில் பார்க்கவில்லை, இதை இப்படி ஒரு இரவில்தான் காட்டவேண்டுமா. ஃபோன் அடிக்கலாம். அடித்தால் வாக்குத் தவறினேன். அவன் நல்லாக இருந்தால் நான் நம்பவில்லை என்று ஆகும், நம்பாத தகப்பனுக்கு இனி எதற்குப் படம் என்று அந்த இடத்தையே மூடிவிடுவான், பிறகு எனக்கு வெறும் வானம்கூட இல்லை. அடிக்காவிட்டால், அவன் நல்லாக இல்லையென்றால். நல்லாக இல்லையென்றால் ஃபோனை யார் எடுக்கப்போகிறார்கள், அப்போதும் அடித்து என்ன பிரயோசனம். பொலிசுக்குச் சொல்லலாம், நீல வெளிச்சத்தோடு போய் அவன் கதவில் நிற்பார்கள், பெப்ரவரியில் வந்த அதே நீல வெளிச்சம், நித்திரையில் கிடக்கிறவன் எழும்பி அதைப் பார்க்கவேண்டும், அனுப்பினது அப்பா. எண்பத்தாறில் நான் வெளிக்கிட்டு வந்தபோது மொஸ்கோவில் இறங்கி, கிழக்கு பெர்லினில் படுத்து, இங்கே வந்து அகதி முகாமில் இருந்து எழுதின முதல் கடிதம் என் அப்பாவின் கைக்குப் போக ஐந்து மாதம். ஐந்து மாதம் அந்த மனிதன் நான் இருக்கிறேனா செத்தேனா என்று தெரியாமல் கடைக்குப் போய் வந்து, சவரம் செய்து, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்திருக்கிறார். எப்படி என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்குக் கால் மணி நேரம் தாங்கவில்லை. என்னைப் படம்தான் இப்படிப் பழக்கிவிட்டதோ, ஒன்றும் தெரியாமல் இருப்பதையும் ஒரு வேலையாகச் செய்யவேண்டும், அது எனக்கு வராது. ஓகஸ்ட் பத்துக்குப் பிறகு இந்த மேகம் வராது என்று சொன்னானே, அதற்குப் பிறகு நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், செப்டம்பர், ஒக்ரோபர், அந்த இருட்டு மாதமெல்லாம். முன்பெல்லாம் காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம், நெற்றியில் கை வைத்தால் தெரியும். இப்போது எங்கே கை வைக்க. ஒன்று பத்து. நுளம்பு காதுக்குள் போகிறது. வயலுக்கு அப்பால் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகின்றன. ஒன்று பன்னிரண்டு. நான் அடிக்கமாட்டேன். வாக்கு வாக்குத்தான். ஒன்று பதின்மூன்று. அவன் நல்லாகத்தான் இருப்பான், நித்திரை, மெசின் வாங்கினதே நித்திரை கொள்ளத்தான். அந்த ஏரி ஆழமோ. ஒன்று பதினாலு, கமராவில் விரல் வைக்கவேண்டிய நேரம், விரல் ஃபோனில் கிடக்கிறது, ஆரூரன் என்ற பெயர், அதன் மேல் விரல். அடித்துவிட்டேன்.

மணி போகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. எடு தம்பி. ஏசு, கத்து, டெனிஷில் கெட்ட வார்த்தையால் ஏசு, நான் வைத்துவிடுகிறேன், ஒரு சத்தம் போதும். ஏழு, எட்டு. ஒன்றேகால் தாண்டிப் போகிறது, என் கமரா சும்மா நிற்கிறது, இந்தக் கோடையில் நான் தவறவிட்ட முதல் படம், போகட்டும். பதினொன்று. பிறகு ஒரு பெண்ணின் குரல் டெனிஷில், நீங்கள் அழைத்தவர் இப்போது, தெரியும், தெரியும் அம்மா. பார்லிக்குப் பக்கத்தில் ஈரத்தில் இருந்துவிட்டேன். இன்னொரு தடவை அடிக்கவா. தயாவதிக்கு அடிக்கவா. ஒன்றும் செய்யவில்லை, ஃபோனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது ஃபோன் சின்னதாக ஒரு தடவை அதிர்ந்தது. ஒன்றேகால் படம். மெசின் அனுப்புகிறது, அதற்கு என்ன தெரியும். பார்க்க மனமில்லாமல்தான் திறந்தேன். கோபுரம் நடுவில். மேகம். வலது மூலையில் கல். கல்லின் ஓரத்தில் ஒரு வெளிச்சம்.

கீழேயிருந்து விழுகிற வெளிச்சம், நீலம், ஒரு ஃபோன் அளவு. பெரிதாக்கினேன், படம் நழுவி வேறு எங்கோ போனது, திரும்பப் பெரிதாக்கினேன். கல்லுக்கு ஒரு காது இருந்தது. காதுக்குப் பின்னால் கண்ணாடியின் கம்பி, காதுக்குக் கீழே ஜக்கெட்டின் தொப்பி மடிந்து கிடக்கிறது, குனிந்த கழுத்து, பிறந்த அன்றைக்கு அந்தக் கழுத்தைத்தான் உள்ளங்கையில் ஏந்தினேன். அவன் கமராவுக்கு முன்னால் புல்லில் இருக்கிறான். முன் படங்களை எடுத்துப் பார்த்தேன், ஒரு மணிக்கு மேடு கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, முக்காலுக்கு நிமிர்ந்திருக்கிறது, பன்னிரண்டே காலுக்கு அகலமாக, கை இரண்டையும் பின்னால் ஊன்றியிருப்பான். இரவு முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறான். கமராவை மெசினிடம் கொடுத்துவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான், நான் அவனைக் கல் என்று ஏசிக்கொண்டு நின்றேன். திரும்பவும் ஒன்றேகால் படம். காதும் கழுத்தும் கண்ணாடிக் கம்பியும் கூராக விழுந்திருக்கின்றன. நாலு விநாடி. அசைந்திருந்தால் கலங்கியிருக்கும். கையில் ஃபோன் அதிர, அதில் அப்பா என்ற பெயர் மினுங்க, நாலு விநாடி அதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்திருக்கிறான். எடுக்கவில்லை. இருக்கிறான், எடுக்கவில்லை. சந்தோசமாகத்தான் இருக்கிறது, அதற்குள் எங்கோ வலிக்கவும் செய்கிறது. அந்த நாலு விநாடியில் அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, முதுகுப் பக்கம்தான் என்னிடம் இருக்கிறது. கோபமா, பயமா, அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்ததா. நான்தான் கொண்டுவந்தேனா. மன்னிப்புக் கேட்டு எழுதலாம், நாலு வரி எழுதி அழித்தேன், சொறி தம்பி என்று மட்டும் எழுதி அதையும் அழித்தேன், எல்லாமே உயிரோட இருக்கிறியோ என்று கேட்பதாகத்தான் இருந்தது.

ஒன்று இருபத்தைந்து. பொதுவான அந்த இடத்தில் ஒன்றேகாலுக்கு அவனுடைய படம் கிடக்கிறது, என்னுடையது இல்லை. இப்போது அவனும் அதைப் பார்ப்பான், அப்பாவின் படத்தைக் காணவில்லை என்று. அப்பாவுக்கு என்ன நடந்தது என்று கேட்க அவனுக்கு யார் இருக்கிறார்கள். எழும்பினேன், காற்சட்டை பின்பக்கம் நனைந்து ஒட்டிக்கொண்டது. கமராவில் பத்து விநாடி கழித்துத் தானே எடுக்கிற ஒரு வசதி இருக்கிறது, ஏப்ரலில் காட்டினான், எனக்கு எதற்கு அது, நான் மேகத்தைத்தானே எடுக்கிறேன் என்றேன். அதைத் தேடிப் பிடிக்க மூன்று நிமிடம் போனது, கண்ணாடி வேறு பனியில் மங்கிவிட்டது. ஒன்று இருபத்தொன்பது, ஐம்பதாவது விநாடியில் அழுத்தினேன், விளக்கு மினுங்கத் தொடங்கியது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு ஓடினேன், ஓட்டமா அது, மூலை வலதா இடதா என்று ஒரு குழப்பம், வலது, வலது, புல்லில் பொத்தென்று இருந்தேன், கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மேகத்தின் உயரம் பார்க்கிறவர்கள் இந்தப் படத்தைக் குப்பையில் போடுவார்கள். மேகம் தலைக்கு மேல் வரைக்கும் வந்துவிட்டது, கிட்டத்தட்ட நின்றுபோன மாதிரி மெதுவாகப் போகிறது. அவனுக்கும் இதே மேகம்தான் தெரியும். இதைப் பார்த்து அவன் என்ன நினைப்பானோ, கண்டுபிடிப்பானோ, இல்லை அங்கே வயலில் ஒரு கல் என்று விட்டுவிடுவானோ, அதை அறிய எனக்கு வழியில்லை. பின்னால் கமரா கிளிக் என்று திறந்தது. நாலு விநாடி அசையாமல் இருந்தேன்.